ஊருக்குள் போன பசி

பாவடிப்பாளையத்தில் கோகிலவாணியின் பசி அவளை விட்டு இறங்கிப் போனது ஒரு மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, காலை ஏழரை மணிக்கு. அன்றைக்குக் கரண்ட் போகாத நாள், ஊரில் இருந்த அத்தனை விசைத்தறியும் ஓடிக்கொண்டிருந்தது, அந்தச் சத்தத்துக்குள் பிறந்து, அந்தச் சத்தத்துக்குள் தூங்கி, அந்தச் சத்தத்துக்குள்ளேயே கல்யாணமும் பேசி முடிக்கிற ஊர் அது, ஆகையால் ஒரு பசி எழுந்து நடந்த சத்தம் யார் காதிலும் விழவில்லை. கண்ணால் பார்த்தவர்கள் மூன்று பேர். மூன்று பேரும் வேலைக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்கள்.

கோகிலவாணிக்கு அப்போது பத்தொன்பது வயது. அம்மா ருக்குமணி தறி ஓட்டுகிறவள், அப்பா இல்லை, இரண்டு பேருக்கு ஒரு வீடு, ஒரு அடுப்பு. நெசவுக்கான பாவு நூலை நீட்டிக் கட்டுவதற்கென்று ஊர் நடுவில் விட்டிருந்த பாவடி மைதானத்தில், பாவு இல்லாத நேரம் பார்த்து, பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியார் தண்டபாணி ஒரு பெண்கள் கபடிக் குழுவை வளர்த்துக்கொண்டிருந்தார், பவளமல்லி என்று அதற்குப் பெயர். அதில் எதிரணிக்குள் பாடிப் போகிறவள் கோகிலவாணி. நடுக்கோட்டில் இடது காலை முதலில் எடுத்து வைத்து, கபடி கபடி என்று மூச்சு விடாமல் பாடிக்கொண்டு அவள் உள்ளே போனால், அவள் பாட்டும் தறிச்சத்தமும் ஒரே தாளத்தில் சேர்ந்துகொள்ளும், எதைக் கேட்பது எதை விடுவது என்று எதிரணிப் பெண்கள் மயங்கி நிற்பார்கள், அதற்குள் இவள் இரண்டு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்திருப்பாள்.

அவர்கள் ஆடியது ஐம்பத்தைந்து கிலோப் போட்டிகள். கோகிலவாணியினுடையதோ, ஒழுங்காகச் சாப்பிட்டால் ஐம்பத்தேழில் போய் நிற்கிற உடம்பு. அந்த இரண்டு கிலோவுக்காக எடை போடும் நாளுக்கு முந்தைய நான்கு நாட்களும் ஒரு விரதம் மாதிரி நடக்கும். தண்ணீர் குடிக்கக் கூடாது. வெயிலில் தண்டபாணியின் பழைய மழைக்கோட்டை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு ஓட வேண்டும். புளியங்கொட்டையை வாயில் அடக்கி, ஊறுகிற எச்சிலைத் தம்ளரில் துப்ப வேண்டும். இதெல்லாம் எல்லா ஊரிலும் உள்ளதுதான். பவளமல்லிக்கு மட்டும் என்று ஒரு சட்டம் இருந்தது: அந்த நான்கு நாளும் பசி என்கிற சொல்லை யாரும் வாயால் சொல்லக் கூடாது. சொன்னால் பாவடியைப் பத்துச் சுற்று ஓட வேண்டும். தண்டபாணி தான் விளையாடிய காலத்தில் கண்டுபிடித்த சட்டம் அது. சொன்னால்தானே வரும் என்பார். அதனால் பெண்கள் ‘அது’ என்று சொல்லப் பழகியிருந்தார்கள். ‘அது வந்துருச்சுடி’ என்பாள் ஒருத்தி, ‘என்றது நேத்தே வந்து சம்மணம் போட்டு உக்காந்துருச்சு’ என்பாள் இன்னொருத்தி, சிரிப்பார்கள், சிரிப்பதற்கும் தெம்பு வேண்டியிருப்பதால் பாதியில் நிறுத்திக்கொள்வார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான்காவது நாள். மழைக்கோட்டுக்குள் எட்டுச் சுற்று ஓடிவிட்டு, கோகிலவாணி பாவடி ஓரத்துக் குழாயடியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்தினாள். அது உள்ளே கிடந்து பிறாண்டியது. திட்டினால் போகாது என்று அவளுக்குத் தெரியும், திட்டிப் பார்த்தவள்தான். அதனால் அன்றைக்கு அவள் அதனிடம், வீட்டுக்கு வந்த ஒறம்பரையை வழியனுப்புகிற பதமான குரலில் சொன்னாள்: “போயிரு சாமி. வேற எங்காச்சும் போயி இருந்துக்கோ. என்ற பக்கம் வந்துராத, உனக்குப் புண்ணியமாப் போகுது.”

மரியாதையாகச் சொன்னதால் அது கேட்டுக்கொண்டது.

வெளியே இறங்கி நின்றபோது கன்றுக்குட்டி உயரம் இருந்தது. ஊறப்போட்ட அரிசியின் நிறம். ஒட்டிய வயிறு, நீளமான கால்கள், வாய் இருக்க வேண்டிய இடத்தில் மூடிக்கிடந்த ஒரு மடிப்பு. அவள் எதிரில் நின்று ஒருமுறை பார்த்துவிட்டு, இடது காலை முதலில் எடுத்து வைத்து, குழாயடிச் சேற்றில் தடம் விழாமல் நடந்து, மாகாளியம்மன் கோயில் வீதிக்குள் திரும்பியது. கோகிலவாணிக்கு உடம்பு முழுக்க ஒரு நிம்மதி பரவியது. பல்வலி நின்ற மறுநிமிடம் வருகிற நிம்மதி. எழுந்து மிச்சம் இரண்டு சுற்றையும் பறந்தது போல் ஓடினாள்.

எடை போடுவது நூல் குடோனில்தான். மறுநாள், நூல் மூட்டை நிறுக்கிற எலக்ட்ரானிக் தராசில் சிவப்பு எழுத்து ஐம்பத்து நான்கு கிலோ தொள்ளாயிரம் என்று காட்டியது. அன்றைய ஆட்டத்தில் அவள் பதினேழு புள்ளி எடுத்தாள். ஆட்டம் முடிந்து மற்றப் பெண்கள் வாழைப்பழத்தாரின் மேல் விழுந்து பிடுங்கியபோது அவள் மட்டும் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போட்டோவுக்கு நின்றாள்.

ஊருக்குள் போன பசி முதலில் படுத்தது தறி மேஸ்திரி நாச்சிமுத்துவின் வாசற்படியில். அவருக்குத் தொண்டையில் கட்டி வந்து வைத்தியம் பார்த்து ஆறு மாதம் ஆகியிருந்தது, கட்டி போனதோடு வாய் ருசியும் போய்விட்டது, கஞ்சியைக்கூட மருந்து மாதிரி கண்ணை மூடிக்கொண்டு விழுங்கிக்கொண்டிருந்தவர். அந்தக் காலை அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, சம்சாரத்தைக் கூப்பிட்டு, அரிசிம்பருப்புச் சோறு ஆக்கி நெய் விட்டுக் கொண்டா என்றார். அந்தம்மாள் அடுப்படியில் நின்று அழுதுகொண்டே ஆக்கினாள். மூன்று தட்டு சாப்பிட்டுவிட்டு வாசலுக்கு வந்தவர், படியில் படுத்திருந்ததைப் பார்த்தார், முதுகைத் தடவிக் கொடுத்தார். “ருக்குமணி மகளோடது” என்றார். எப்படித் தெரியும் என்று சம்சாரம் கேட்கவில்லை. அது எழுந்து போகும்போது எந்தக் காலை முதலில் வைத்தது என்று அந்தம்மாளும் பார்த்தாள்.

ஒரு வாரத்துக்குள் ஊர் விஷயத்தைப் பிடித்துக்கொண்டது. அது எதையும் தின்னாது, எந்த வீட்டில் படுக்கிறதோ அந்த வீட்டில் இருப்பவர்களுக்குப் பசிக்கும், அவ்வளவுதான். சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்புகிற பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு தாய்மார் அதைத் தேடி வந்தார்கள். பரோட்டாக் கடை ஆறுச்சாமி தன் கடை வாசலில் ஒரு சாக்கை நான்காய் மடித்துப் போட்டு, அதன் மேல் படுக்கச் சொல்லிக் கும்பிட்டார். போகாமல் இருக்க நூற்கயிற்றால் கட்டியும் பார்த்தார், கயிறு கட்டியபடியே கிடந்தது, அது மட்டும் எதிர்ச்சாரியில் நின்றது. கல்யாண மண்டபத்துக்காரர் பந்தி நேரத்துக்கு மட்டும் விடச் சொல்லிக் கேட்டார். இதைக் கோயிலுக்குள் விடலாமா என்று ஒரு பேச்சு வந்து, கொடிமரம் வரைக்கும் வரலாம் என்று முடிவாயிற்று. மாமியாரும் மருமகளும் ஒருவர் சமையலை ஒருவர் குறை சொல்வது அந்த வருஷம் பாதியாகக் குறைந்தது. கடைசியில் வீதிகளுக்குள் சண்டை வராமல் இருக்க வார்டு மெம்பர் முறை வைத்தார்: திங்கள் பரோட்டாக் கடை, செவ்வாய் பால்வாடி, புதன் நாச்சிமுத்து வீடு என்று ஒரு தாள் எழுதி நூல் குடோன் சுவரில் ஒட்டினார்கள். அதைத் தொலைத்தவள் பெயர் அந்தத் தாளில் எங்கேயும் இல்லை. அவளாகத்தானே போகச் சொன்னாள் என்று ஊர் நினைத்தது, ஊர் நினைத்ததில் பெரிய தப்பும் இல்லை.

பசி கொழுத்தது. வயிறு நிரம்பி, முதுகு மினுமினுத்து, வீதியில் ஆடி அசைந்து நடந்தது. அது கொழுக்கக் கொழுக்கக் கோகிலவாணி ஜெயித்தாள். பங்குனியில் இரண்டு கோப்பை, சித்திரையில் மூன்று. எடை இறக்குகிற நான்கு நாள் அவளுக்குத் தேவையே படவில்லை, என்றைக்கு ஏறி நின்றாலும் தராசு ஐம்பத்து நான்கைத் தாண்டவில்லை, பிறகு ஐம்பத்து மூன்றைத் தாண்டவில்லை. தண்டபாணிக்குத் தலைகால் புரியவில்லை. “பாத்தீங்களா, இதுதான் மனக்கட்டுப்பாடுங்கறது” என்று மற்றப் பெண்களை வரிசையாகக் குழாயடிக்கு அனுப்பினார். அவர்களும் குந்தி உட்கார்ந்து, போயிரு சாமி, போயிரு கண்ணு என்று கெஞ்சினார்கள். அவர்களுடையது ஒன்றும் போகவில்லை. ஒருத்தியுடையது வயிற்றுக்குள்ளிருந்து ஊளையிட்டது பாவடிக்கே கேட்டது.

ருக்குமணி தினமும் காலையில் இரண்டு பேருக்கும் அளந்துதான் அரிசி போட்டாள். மகள் பங்கு மத்தியானம் வரை அப்படியே இருக்கும், பிறகு தண்ணீர் ஊற்றி வைப்பாள். “ஒரு வாய் தின்னு கண்ணு” என்றால் கோகிலவாணி மறுக்காமல் உட்கார்ந்து ஒரு வாய் தின்பாள், ஒரே ஒரு வாய். தறிக்கடியில் பறக்கிற பஞ்சை வாயில் அடைத்தது போல் இருக்கும். ‘அம்மா, இன்னொரு கரண்டி’ என்று கேட்கிற பிள்ளை அது, சின்ன வயதில் கரண்டி வைக்கிற சத்தம் கேட்டாலே தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வரும். மகள் எதிரில் உட்கார்ந்து ருக்குமணி அதை நினைத்துக்கொள்வாள், சொல்ல மாட்டாள், சொன்னால் குரல் உடைந்துவிடும் என்று அவளுக்குப் பயம்.

வைகாசியில் மாதாமாதம் வருவது நின்றது. நல்லதாகப் போயிற்று, ஆட்டத்துக்கு இடைஞ்சல் இல்லை என்று கோகிலவாணி நினைத்தாள். ஆனியில் சீப்பில் கொத்தாக முடி வந்தது. ஆடிக் காற்றில் ஊரே ஜன்னலைத் திறந்து வைத்தபோது அவள் போர்வைக்குள் நடுங்கினாள். ஆவணியில் ஓர் ஆட்டத்தில், எதிரணிக்கு உள்ளே, நாலாவது கபடியில் பாட்டு அறுந்தது. மூச்சு வாங்கவில்லை, யாரும் பிடிக்கவில்லை, பாடுவதற்கு உள்ளே ஒன்றும் இல்லாமல் நின்றுவிட்டது, ஓடாத தறியைப் போல அவள் நடுவில் நின்றாள். திரும்பி வர இடது காலை ஊன்றியபோது முழங்காலுக்குக் கீழே எலும்புக்குள் ஏதோ சுருக்கென்றது.

எலும்பு டாக்டர் ஷகிலா பானு படத்தை வெளிச்சத்தில் பிடித்து, முன்னெலும்பில் ஒரு முடியிழை அளவுக்கு ஓடிய கோட்டைக் காட்டினார். பிறகு கோகிலவாணியின் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், ருக்குமணியை ஒருமுறை பார்த்தார்.

“பசி எப்பப் போச்சு?” என்று கேட்டார்.

“மாசி மாசம்ங்க டாக்டர்.”

“எந்தப் பக்கமாப் போச்சு?”

“கோயில் வீதிக்குள்ளங்க.”

டாக்டர் சீட்டில் அதையும் எழுதிக்கொண்டார். “உள்ள வர்றது ஒண்ணுமில்லைன்னா உடம்பு சும்மா இருக்காதும்மா, இருக்கறத எடுத்துத் திங்கும். மொதல்ல கறியத் திங்கும், அப்புறம் ரத்தம், மாசாமாசம் வர்றத நிறுத்தி மிச்சம் பிடிக்கும், கடைசில எலும்பு. இப்ப எலும்புக்கு வந்திருக்குது. ஆறு வாரம் குதிக்காத, ஓடாத. இப்படியே விட்டா அடுத்த தடவ கோடாத் தெரியாது, ரெண்டாத் தெரியும். அப்புறம் நீ ஆடற ஆட்டம் எல்லாம் டிவியிலதான்.”

கோகிலவாணிக்கு அப்போதுதான் பயம் வந்தது. ஆறு மாதத்தில் அவளுக்குள் வந்த முதல் பெரிய உணர்ச்சி அந்தப் பயம்தான்.

“அது திரும்பி வருமுங்களா?”

“கூப்பிட்டா வராது. வர்ற ஒறம்பரைக்கு முன்னாடியே இலை போட்டு வைக்கறோமில்ல, அந்த மாதிரி போட்டு வைக்கணும். எந்திரிச்சதும் ரெண்டு வாழைப்பழம், ஒரு கை நிலக்கடலை. பத்து மணிக்கு முட்டை. மத்தியானம் சோறு, பருப்பு, கீரை. நாலு மணிக்குப் பச்சப்பயறு. பொழுதோட ராகிக் களி, பால். தாகம் எடுக்கறதுக்கு முன்னாடியே தண்ணி. வாயைக் கேக்காத, மணியக் கேளு. பிடிக்குதோ இல்லையோ, மணி அடிச்சா சாப்பிடணும். அது எங்க இருக்குதோ அதுக்குப் பக்கத்துல உக்காந்து சாப்பிடு.”

மறுநாள் திங்கட்கிழமை. பத்து மணிக்கு இரண்டு அவித்த முட்டையை டப்பாவில் போட்டுக்கொண்டு, நொண்டி நொண்டி கோகிலவாணி பரோட்டாக் கடைக்குப் போனாள். ஆறுச்சாமிக்கு விஷயம் முன்னாலேயே எட்டியிருந்தது, பசியை மைதா மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார். கடையில் பத்துப் பேர் வெறித்தனமாகத் தின்றுகொண்டிருந்ததால் அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. மூட்டைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவள் முட்டையைத் தின்றாள். பஞ்சு. விழுங்கினாள். அது தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை.

பிள்ளை தன்னுடையதைக் கேட்டு வந்திருக்கிறாள் என்று ஊர் கூடியது. பாவடியில் எல்லோரும் நின்றார்கள், தறிகளை நிறுத்தாமலே வந்திருந்ததால் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. ஆறுச்சாமி, விட்டுக் கொடுத்ததை ஆறு மாசம் கழித்துக் கேட்டால் என்ன நியாயம் என்றார். பால்வாடித் தாய்மார், எங்கள் பிள்ளைகள் இப்போதுதான் நாலு வாய் தின்கின்றன என்றார்கள். தண்டபாணி, மாநில அணிக்கு ஆள் எடுக்கிற போட்டி ஐப்பசியில் வருகிறது, அது முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்றார். கோகிலவாணிக்கு நியாயம் பேசத் தெம்பு இல்லை.

நாச்சிமுத்து எழுந்தபோது தறிச்சத்தத்தையும் மீறி ஓர் அமைதி வந்தது, ஏனென்றால் அந்த ஊரில் அது யாருக்காவது வேண்டும் என்றால் அவருக்குத்தான் வேண்டும்.

“எனக்கும் பயமாத்தான் இருக்குது” என்றார். “அது போயிட்டா மறுக்காவும் கஞ்சிதான், கண்ண மூடித்தான் குடிக்கோணும். அதுக்காகப் பொய் சொல்ல முடியுமாப்பா? அந்தப் புள்ள கால் எலும்பு கரைஞ்சு கரைஞ்சுதான் நாம இத்தன நாளா நெய் ஊத்தித் தின்னுட்டு இருந்திருக்கறோம். யாரும் அதக் கட்டவும் வேண்டாம், கூப்பிடவும் வேண்டாம். போற எடத்துக்குப் போகட்டும்.”

குடோன் சுவரில் ஒட்டியிருந்த முறைத்தாளை அன்றைக்கே கிழித்துவிட்டார்கள். ஆறுச்சாமி மட்டும் சாக்கை எடுக்கவில்லை, அது பாட்டுக்குக் கிடக்கட்டும் என்றார்.

அதற்குப் பிறகு நடந்தது மெதுவாக நடந்தது. அது எங்கே படுக்கிறதோ அங்கே போய் கோகிலவாணி மணிக்கு மணி சாப்பிட்டாள். பால்வாடியில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பச்சைப்பயறு, நூல் குடோன் நிழலில் சோறும் கீரையும், கொடிமரத்தடியில் நிலக்கடலை. சில நாள் வாந்தி வந்தது, வாயைக் கழுவிவிட்டு மறுபடி உட்கார்ந்தாள். சில நாள் இந்த ஊர்ச் சோற்றை எல்லாம் தூக்கி வாய்க்காலில் கொட்டலாம் போல் வெறுப்பு வந்தது. புதன்கிழமைகளில் அது பழக்கத்தில் நாச்சிமுத்துவின் படிக்கே வந்தது, அவர் தன் தட்டையும் எடுத்துக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அது இனிமேல் தன்னிடம் தங்காது, இப்போதே மணி பார்த்துத் தின்னப் பழகிக்கொள்ளலாம் என்று, அது படுத்திருந்த படியை விட்டு வேண்டுமென்றே தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

“பஞ்சு மாதிரி இருக்குதுங்களா பெரீப்பா?”

“எனக்கு மண்ணு மாதிரி கண்ணு. உன்றது பரவால்ல, பஞ்சாவது மெத்துனு இருக்கும்.”

இரண்டாவது வாரம் அது அவள் மெல்லுகிற சத்தத்துக்குக் காதை விடைத்தது. மூன்றாவது வாரம் அவள் பக்கமாகப் புரண்டு படுத்தது. நாலாவது வாரம், அவள் எழுந்து போனபோது இருபதடி தள்ளிப் பின்னால் வந்தது, திரும்பிப் பார்த்தால் நின்றுகொண்டது. ஐந்தாவது வாரம் வீட்டு வாசல் வரை வந்தது, உள்ளே வரவில்லை. அன்றைக்கு ருக்குமணிக்கு நல்ல பசி எடுத்தது, மகள் பார்க்காதபோது சமையலறையில் நின்றபடியே சாப்பிட்டுவிட்டு வெட்கப்பட்டாள். ஆறாவது வாரம் டாக்டர் படத்தைப் பார்த்து, கோடு மூடிக்கொண்டு வருகிறது, இன்னும் முழுசாக மூடவில்லை என்றார்.

ஐப்பசியில் அந்தப் போட்டி வந்தது, கோகிலவாணியின் பெயரையும் தண்டபாணி கொடுத்திருந்தார். எடை போட ஒரு பெரியவர் வெளியூரிலிருந்து நோட்டும் பேனாவுமாக வந்து நூல் குடோனில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். காலை எட்டு மணிக்கு கோகிலவாணி புறப்பட்டாள், பத்தடி பின்னால் அது புறப்பட்டது, வீதிக்கு வீதி ஆட்கள் சோறு போட்ட தூக்குப்போசியோடு சேர்ந்துகொண்டார்கள், ஏனென்றால் அது நடக்கிற வீதியில் யாரும் காலைச் சோற்றை விட்டுவிட்டு வர முடியவில்லை. வளர்த்த பிள்ளையைக் கட்டிக் கொடுத்த இடத்துக்கு அனுப்புவது போல் ஆறுச்சாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

தராசில் ஏறினாள். சிவப்பு எழுத்து தடுமாறி நின்றது. ஐம்பத்தைந்து கிலோ எழுநூறு.

“ரெண்டு மணி நேரம் டைம் இருக்குது” என்றார் பெரியவர்.

தண்டபாணி ஓடி வந்து மழைக்கோட்டை அவள் கையில் கொடுத்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. பத்தொன்பது வயதில் இதே மாதிரி ஒரு காலையில், இதே கோட்டைப் போட்டுக்கொண்டு ஓடியவர், அதற்குப் பிறகு இந்த இருபத்தைந்து வருஷமாக டீயிலும் இரண்டு பிஸ்கட்டிலும் காலம் தள்ளுகிறவர், அது ஏன் என்று தன்னையே ஒருநாளும் கேட்டுக்கொள்ளாதவர்.

“எழுநூறு கிராம்தான் புள்ள. வெயில் ஏறுது. பன்னண்டு சுத்து ஓடுனா எறங்கிரும். எச்சித் துப்பு. ரெண்டே ரெண்டு மணி நேரம். உன்ற வாழ்க்கையே இருக்குது இதுல.”

அவர் சொன்னது உண்மை. மாநில அணி, அதற்குப் பிறகு ஒரு வேலை, அம்மாவுக்குத் தறியிலிருந்து ஓய்வு, எல்லாம் அந்த எழுநூறு கிராமுக்கு அந்தப் பக்கம் நின்றன. கோகிலவாணி கோட்டை வாங்கினாள். ஒரு கையை நுழைத்தாள். அந்த ரப்பர் வாடை மூக்கில் ஏறியதும், குடோன் வாசலில் நின்றிருந்த அது மெல்லத் திரும்பியது. கோயில் வீதிப் பக்கம் பார்த்து, இடது காலை முதலில் எடுத்து வைத்தது.

இந்தத் தடவை போனால் வராது என்று அவளுக்குத் தெரிந்தது. யாரும் சொல்லவில்லை, எலும்புக்குத் தெரிந்தது. வா என்று கூப்பிட வாயைத் திறந்தாள். ஏழு வாரமாக மனசுக்குள்ளேயே கண்ணு என்றும் சாமி என்றும் கூப்பிட்டுப் பார்த்தாயிற்று. ஒரே ஒரு சொல்தான் பாக்கி. நான்கு வருஷமாக இந்த மைதானத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத சொல், சொன்னால் பத்துச் சுற்று.

“சார்” என்றாள். “எனக்குப் பசிக்குதுங்க சார்.”

அந்த நிமிடத்தில் அது முழு உண்மை இல்லை. அவள் வயிற்றில் ஒன்றும் இல்லை, பயம் மட்டும்தான் இருந்தது. ஆனாலும் அது நின்றது. திரும்பியது. கூட்டம் ஒதுங்கி வழிவிட, நடந்து வந்து, தராசின் மேல் ஏறி, அவள் முழங்காலில் நெற்றியை வைத்தது. பிறகு அதைக் காணவில்லை, தராசின் மேல் அவள் மட்டும் நின்றாள், தராசு எண் ஒரு கிராம்கூட அசையவில்லை, அவள் முகம் மட்டும் மாறிற்று. கண்ணில் தண்ணீர் கொட்டியது. எட்டு மாதத்துப் பசி ஒரே நேரத்தில் உள்ளே எழுந்து நின்றது, கூடவே கால் வலியும், குளிரும், களைப்பும், கோபமும் வந்தன, இத்தனை நாளும் அவள் உடம்பில் நடந்த எல்லாம் இன்றைக்குத்தான் அவளுக்கு வந்து சேர்ந்தது.

“அம்மா” என்று வீறிட்டாள். “பசிக்குதும்மா!”

ருக்குமணி கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தாள். டப்பாவில் அரிசிம்பருப்புச் சோறு இருந்தது, மகளின் பங்கு, தினமும் அளந்து போட்டு எத்தனையோ மாதம் மிஞ்சிக் கிடந்தது. கோகிலவாணி தராசின் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, மழைக்கோட்டின் ஒரு கை தோளில் தொங்க, அள்ளி அள்ளித் தின்றாள். சூடும் நெய்யும் சீரகமும் நாக்கில் தெரிந்தன, உப்பு கொஞ்சம் கம்மி என்றுகூடத் தெரிந்தது. சிவப்பு எழுத்து ஏறியது. எழுநூற்று ஐம்பது. எண்ணூறு. தொள்ளாயிரம். கூட்டத்தின் ஓரத்தில் நாச்சிமுத்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார், ஒன்பது மணி, தன் தூக்குப்போசியைத் திறந்து மண்ணை விழுங்க ஆரம்பித்தார்.

“எனக்கும் பசிக்குது சார்” என்றாள் வரிசையில் நின்ற அடுத்த பெண். “எனக்குந்தானுங்க” என்றாள் அதற்கடுத்தவள். பத்துச் சுற்று என்று சொல்ல யாரும் இல்லை.

டப்பாவின் அடியைக் கோகிலவாணி விரலால் வழித்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

“அம்மா, இன்னொரு கரண்டி.”

ருக்குமணியிடம் கரண்டியும் இல்லை, சோறும் இல்லை. வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள், அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பக்கத்தில் நின்றவர்களுக்குத் தெரியவில்லை. தண்டபாணி குனிந்து, கோகிலவாணியின் தோளில் தொங்கிய மழைக்கோட்டை மெதுவாகக் கழற்றி ஆணியில் மாட்டினார், வெளியே போய்த் தன் வண்டிப் பெட்டியைத் திறந்தார், வீட்டில் தினமும் கட்டிக் கொடுத்து, தினமும் திறக்காமலே திருப்பி எடுத்துப் போகிற தன் சோற்று டப்பாவைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார்.

நோட்டுக்காரப் பெரியவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தராசைப் பார்த்தார். எண் நிற்காமல் ஏறிக்கொண்டிருந்தது.

“என்னங்க, எடை எவ்வளவுன்னு எழுதறது?”

“செத்த பொறுங்க” என்றார் தண்டபாணி. “புள்ள இன்னும் சாப்பிட்டு முடிக்கல.”